அறியா வினா

வினா ஆறு வகைப்படும் என்று பள்ளித் தமிழ் இலக்கணத்தில் எல்லோரும் படித்திருப்போம். தனக்கு விடை தெரிந்திருந்தும் அடுத்தவருக்குத் தெரியுமா என்று சோதிக்கக் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்ற தடுமாற்றத்தில் கேட்பது ஐய வினா. வாங்குவதற்காகக் கடைக்காரரிடம் கேட்பது கொளல் வினா. கொடுப்பதற்காக இல்லாதவரிடம் கேட்பது கொடை வினா. ஒரு வேலையைச் செய்யச் சொல்வதையே கேள்வியாகக் கேட்பது ஏவல் வினா. நன்னூலில் பவணந்தி முனிவர் தந்த பட்டியல் இது. அவரைப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் கொங்கு நாட்டில் சொல்வார்கள். ஆகவே கேள்விகளைப் பற்றிப் பேச எங்கள் ஊருக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன்.

இருபது ஆண்டுகளாக இந்தப் பட்டியலை வகுப்பில் நடத்திவருகிறேன். ஒரு பெண்ணிடம் வாழ்நாளெல்லாம் கேட்கப்படும் கேள்விகளை வகை பிரித்தால் பெரும்பாலும் இரண்டே பெட்டிகளில் அடங்கிவிடும். பள்ளியில் அறிவினா, வீட்டில் ஏவல் வினா. “இன்னும் வாசல் தெளிக்கலையா?”, “கொழம்பு ஆச்சா?”, “தம்பிக்குச் சோறு போட்டியா?” ஏவல் வினாவுக்கு எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள் என்றால் என் மாணவிகள் யோசிக்கவே மாட்டார்கள். பையன்கள்தான் சற்று நேரம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெண் திருப்பி ஒரு கேள்வி கேட்டால் அதற்கு இலக்கணத்தில் பெயர் இல்லை, வீட்டில் உண்டு: “எதுத்துப் பேசறா.”

ஆசிரியர் பயிற்சிகளில் அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழும் சொல் ‘வினவிக் கற்றல்’. ஆசிரியர் விடையைச் சொல்லி, அதையே திருப்பிக் கேட்டு மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, மாணவர்கள் தாமே கேள்வி எழுப்ப வேண்டும், தேட வேண்டும், சான்று திரட்டி ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஆசிரியர் துணைக்கு நிற்க வேண்டும். அறிவினா வகுப்பை அறியா வினாவும் ஐய வினாவும் கேட்கும் வகுப்பாக மாற்றுவது என்று எங்கள் மொழியில் சொல்லலாம்.

நான் போயிருந்த ஒரு வாரப் பயிற்சி ஒன்றில் திரையில் இதற்கு ‘விசாரணை வழிக் கற்றல்’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். பின்வரிசைப் பெண்கள் சிரித்துவிட்டோம். எங்கள் ஊரில் விசாரணை என்றால் இரண்டுதான். ஒன்று காவல் நிலையத்தில் நடப்பது. மற்றொன்று பெண் பார்க்க வருவதற்கு முன் அவள் குணம் எப்படி, யாரோடு பேசுவாள், எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்று மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது. இரண்டிலும் பெண் கேட்பவள் இல்லை.

தவறான மொழிபெயர்ப்பு என்று சிரித்து முடித்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் முழுவதும் எங்களிடம் கேட்கப்பட்டவையும் ஏவல் வினாக்களே. “குழுச் செயல்பாட்டை இன்னும் அப்லோட் பண்ணலையா?”, “பின்னூட்டப் படிவம் நிரப்பிட்டீங்களா?” ஸ்மார்ட் போர்டு விற்பவர் வந்து விளக்கிக் காட்டிய மதியத்தில் நிர்வாகத்தினர் கேட்டவை கொளல் வினாக்கள்: விலை எவ்வளவு, வாரண்டி எத்தனை வருடம். நான் ஒரு கேள்வி கேட்டேன். “மாணவிகள் பேர் தெரியாம கேள்வி கேக்கறதுக்கு இதுல வழி இருக்குங்களா?” “அதைக் கடைசியில பாக்கலாம் மேடம்” என்றார் பயிற்றுநர். கடைசி அமர்வில் சான்றிதழ் கொடுத்தார்கள்; குழுப் படம் எடுத்தார்கள்.

கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியில் ஆசிரியை கேள்வி கேட்க இடமில்லை என்பது புதிய கதை இல்லை. என் அக்கா அன்னூர்ப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. செயல்வழிக் கற்றல் வந்த நாளிலிருந்து அவர் பார்த்துவருகிறார்.

தமிழ்நாட்டில் இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய முயற்சி அது. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் பத்மநாப ராவ், ரமா இணையர், பல வகுப்புக் குழந்தைகளை ஒரே ஆசிரியர் பார்த்துக்கொள்ளும் கிராமப் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்னெடுக்க, 2003இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது தொடங்கியது. ஆசிரியர்களே ரிஷிவேலி போய்ப் பார்த்துவிட்டு வந்து அட்டைகளைத் தயாரித்தார்கள். 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை அது போய்ச் சேர்ந்தது.

பெஞ்சும் நாற்காலியும் ஓரம் போயின. ஆசிரியை பாயில் குழந்தைகளோடு உட்கார்ந்தார். பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிந்து கற்றல் ஏணியாகச் சுவரில் தொங்கியது. ஒவ்வொரு படிக்கும் படம் போட்ட அட்டை. குழந்தையின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிலும் கீழ்மட்டக் கரும்பலகை. தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் குழந்தைகள் வரைந்த படங்கள். வருகைப் பதிவைக் குழந்தையே போட்டுக்கொள்ளும்.

அக்காவுக்கு அதில் பிடித்தது ஒன்று உண்டு. மஞ்சள் வெட்டுக்கோ கரும்பு வெட்டுக்கோ பெற்றோர் போகும்போது மூத்த பெண்பிள்ளைகள் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடுவார்கள். பழைய முறையில் பத்து நாள் கழித்து வந்தால் வகுப்பு எங்கேயோ போயிருக்கும். அவள் கடைசி வரிசையில் முழித்துக்கொண்டிருப்பாள். ஏணி வந்த பிறகு, எந்தப் படியில் விட்டாளோ அந்தப் படியின் அட்டையை அலமாரியிலிருந்து தானே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “யாருகிட்டயும் கேக்காம அவளே எடுத்தா பாரு சாமி, அதுக்கே முட்டி வலியப் பொறுத்துக்கிட்டேன்” என்பார் அக்கா.

ஆனால் அட்டை சொன்ன வரிசையில்தான் குழந்தை போக வேண்டும். பார்வையிட வருகிறவர்கள் அடைவு அட்டவணை நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தார்கள். “பாடமே நடத்தறதில்ல, புள்ளைங்க வெளையாடிட்டு வருது” என்றார்கள் பெற்றோர். பயிற்சி ஒன்றில் அக்கா எழுந்து, “நாலு வகுப்புக்கும் நாங்க ரெண்டு பேருதானுங்க. இன்னொரு டீச்சர் பிரசவ லீவுல போனா ஆறு குழுவை நான் ஒருத்தி எப்படிங்க பாக்கறது?” என்று கேட்டார். வந்த பதில்: “குறையாவே பேசாதீங்க டீச்சர், நேர்மறையா யோசிங்க.” பிறகு பல ஆண்டுகள் அவர் எந்தப் பயிற்சியிலும் வாய் திறக்கவில்லை. முப்பருவ முறை, பாடநூலில் க்யூஆர் குறியீடு, கொரோனாவுக்குப் பின் 2022இல் எண்ணும் எழுத்தும், அதன் அரும்பு, மொட்டு, மலர் நிலைகள் எல்லாவற்றுக்கும் பயிற்சிக்குப் போனார், கட்டகத்தை வாங்கினார், கையெழுத்துப் போட்டார், பஸ் பிடித்து வீடு வந்தார். செயலியில் ஏற்ற வேண்டியதை இரவு பத்து மணிக்கு மேல் அடுப்படி மேடையில் சாய்ந்தபடி ஏற்றுவார். அந்த நேரத்தில்தான் சர்வர் வேகமாக இருக்கும். அந்த நேரத்தில்தான் அவர் கையும் ஓயும்.

பயிற்சி இப்படித்தான் இருக்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் ஹோஷங்காபாத்தைக் காட்டுவேன். மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் 1972இல் 16 அரசுப் பள்ளிகளில் அறிவியலைச் சோதனை செய்தே கற்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. பின்னர் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதைத் தொடர்ந்து நடத்தியது. அங்கே பயிற்சி முகாமோடு வேலை முடியவில்லை. மாதந்தோறும் ஆசிரியர்கள் கூடினார்கள். எந்தச் சோதனை வகுப்பில் சொதப்பியது, குழந்தை கேட்ட எந்தக் கேள்விக்குத் தங்களுக்கே விடை தெரியவில்லை என்பதுதான் அங்கே பேச்சு. பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் அவர்களோடு உட்கார்ந்து தேடினார்கள். குழந்தைகள் தங்கள் கேள்விகளை எழுதி அனுப்ப ‘சவாலிராம்’ என்ற கற்பனைப் பாத்திரமும் இருந்தது. கேள்விகளை வாங்கிக்கொள்ளக்கூட ஓர் ஆண் பெயர்தான் தோன்றியிருக்கிறது என்று எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. இருந்தாலும், திட்டி அனுப்பாமல் பதில் எழுதும் ஒருவர் இருக்கிறார் என்று ஒரு கிராமத்துச் சிறுமிக்குத் தெரிந்திருந்தது. 2002இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டுகள் அது நின்றதற்கு முக்கியமான காரணம், ஆசிரியரை ‘தெரியாது’ என்று சொல்ல அனுமதித்ததுதான் என்பது என் எண்ணம்.

நன்னூலிலேயே இந்த இரண்டு முகமும் இருக்கின்றன. ஆசிரியர் சொல்லக் கேட்பதால் கால் பங்குதான் வரும், உடன் படிப்பவரோடு பழகுவதால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரை வந்து சேரும் என்று அது கணக்குச் சொல்கிறது. குழுக் கற்றலுக்கு இதைவிடப் பழைய சாட்சி தமிழில் தேட வேண்டாம். அதே நூல்தான் மாணவன் ஆசிரியர் முன் ஓவியப் பாவைபோல அடங்கியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அடக்கத்துக்கு உவமை தேவைப்பட்டபோது வந்து நிற்பது ஒரு பெண் உருவம், அதுவும் சுவரில் எழுதியது. எங்கள் வகுப்பறைகள் முதல் கணக்கைப் பயிற்சித் திரையில் போடுகின்றன. இரண்டாவதை நாள்தோறும் நடத்துகின்றன.

2020இல் வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது என் வகுப்பில் பெண்கள் ஒருவரும் பேசவில்லை. ஒலிவாங்கியைத் திறந்தால் வீடு கேட்கும். சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுதினாள்: “மேம், தறி ஓடுது, மைக் ஆன் பண்ண முடியாதுங்.” இன்னொருத்தியின் கைபேசி அவள் அண்ணனுடையது; அவன் வெளியே கிளம்பினால் வகுப்பும் முடிந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எனக்கு மட்டும் தெரியும்படி தட்டச்சு செய்து அனுப்பும் வசதியில் கேள்விகள் வந்தன. வகுப்பறையில் ஐந்து ஆண்டுகளில் கேட்டிராத கேள்விகள்.

கல்லூரி திறந்த பின்னும் அதை விட மனம் வரவில்லை. பெயரும் மின்னஞ்சலும் பதிவாகாத ஓர் இணையப் படிவம் செய்து வகுப்புக் குழுவில் போட்டேன். செல்போன் இல்லாதவர்களுக்காக, மேல்மூடியில் ஓட்டை போட்ட செருப்புப் பெட்டி ஒன்றைப் பெண்கள் ஓய்வறையில் வைத்தேன். முதல் வாரம் “இன்டர்னல் மார்க் எப்ப போடுவீங்க?” மட்டுமே வந்தது. மூன்றாவது வாரம், பாலைத் திணையில் உடன்போக்குப் பாடல்கள் நடந்துகொண்டிருந்தபோது இது வந்தது:

“ஓடிப்போன தலைவியைத் தேடி செவிலித்தாய்தான் போறாங்க. வழியில பாக்கறவங்க சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பிடறாங்க. அண்ணன் தேடிப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

எங்கள் பகுதியில் இது இலக்கியக் கேள்வி மட்டுமில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்கு அருகே, சாதி மாறித் திருமணம் செய்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். உடனிருந்த கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். அந்தக் கண்காணிப்புக் கேமரா காட்சியைப் பள்ளி வயதில் கைபேசியில் பார்த்தவர்கள் என் மாணவிகள். அந்தக் கேள்வியைக் கைதூக்கிக் கேட்க ஒருத்தியாலும் முடியாது. வகுப்பில் இருக்கும் அறுபது பேரில் யாருடைய சித்தப்பா யாருடைய அப்பாவுக்குப் பங்காளி என்பது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் அந்தக் கேள்வியை, பாடப்புத்தகத்தின் பின்பக்க வினாபோல, எந்த முன்னுரையும் இல்லாமல் கரும்பலகையில் எழுதினேன். ஐந்தைந்து பேராகப் பிரிந்து உட்காரச் சொன்னேன். சங்கப் பாடல்களில் தமையன்மார் எங்கெல்லாம் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று தேட வேண்டும். மூலமும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இருக்கின்றன. குழுவுக்கு ஒரு கைபேசி போதும்.

இரண்டு வகுப்புகள் கழித்து ஒரு குழு கலித்தொகையின் குறிஞ்சிக்கலிப் பாடல் ஒன்றோடு வந்தது. தோழி சொல்லித் தாய்க்குத் தெரிந்த காதலைத் தாய் தமையன்மாரிடம் சொல்கிறாள். அவர்கள் அம்பைப் பார்க்கிறார்கள், வில்லைப் பார்க்கிறார்கள், கண் சிவக்கிறார்கள். ஒரு பகல் முழுவதும் சினந்து கிடக்கிறார்கள். பிறகு ஆறுகிறார்கள். இருவர் மீதும் குற்றமில்லை என்று தலை சாய்க்கிறார்கள். “ஒரு நாள் பூரா கோவமா இருந்துட்டு அப்புறம் சரின்னுட்டாங்க மேம்” என்றாள் படித்துக் காட்டிய பெண். வகுப்பில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பின் வரிசைப் பையன் ஒருவன், “அந்த ஒரு நாள்ல அவங்க அம்மா என்னங்க மேம் சொல்லியிருப்பாங்க?” என்று கேட்டான். அது அவன் எங்கள் முன் கேட்ட முதல் அறியா வினா.

வினவிக் கற்றல் என்பதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். தொழில்நுட்பம் அங்கே செய்த வேலைகள் இரண்டு. ஒரு பெண்ணின் பெயரை மறைத்தது. நூலகத்துக்குப் போய்ப் புரட்ட வேண்டிய உரைகளை மேசைக்குக் கொண்டுவந்தது. ஸ்மார்ட் போர்டு அணைந்தே இருந்தது.

இதைக் கேள்விப்பட்ட ஒருவர், தர மதிப்பீட்டுக் கோப்புக்குச் சான்று வேண்டும் என்றார். மாணவர் பெயரோடு கேள்விப் பட்டியல், இடக்குறியிட்ட புகைப்படம். இன்னொருவர், “யாரு கேட்டான்னு தெரிஞ்சா கவுன்சலிங் குடுக்கலாமில்லீங்களா மேடம்?” என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார். ஆனால் எங்கள் ஊர்க் கவுன்சலிங் பெரும்பாலும் வீட்டுக்குப் போன் போடுவதில் முடியும். படம் தந்தேன், பெயர் தரவில்லை. என்னிடமும் இல்லை. அந்தக் கேள்வி யாருடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை வேண்டுமென்றேதான் அடைத்து வைத்திருக்கிறேன். ‘புதுமைக் கற்பித்தல்’ என்ற பத்தியில் அந்த ஆண்டு எனக்கு மதிப்பெண் குறைந்தது. அதற்குக் காரணம் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.

கறுப்பினப் பெண்ணியர் பெல் ஹூக்ஸ் கற்பித்தல் பற்றி 1994இல் வெளியிட்ட நூலில், மாணவரை மனம் திறக்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் மூடியே இருக்கும் ஆசிரியரை அதிகாரம் செலுத்துபவர் என்கிறார். அவர் சொன்னதைப் பயிற்சி தருபவர்களுக்கும் சேர்த்தே வாசிக்கிறேன். கேள்வி கேட்பது எல்லோருக்கும் ஒரே விலை இல்லை. ஒரு பையன் கேட்டால் ‘கெட்டிக்காரன்’, பெண் கேட்டால் ‘வாய்’, சில கேள்விகளைச் சில பெண்கள் கேட்டால் படிப்பே நின்றுவிடும். எந்தக் கட்டகத்திலும் இந்த விலைப்பட்டியல் இல்லை. கேட்கச் சொல்லிக்கொடுப்பவர்களுக்குக் கேட்டவளைக் காக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அது நுட்பம் சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. பெயரைக் கேட்காமல் இருக்கும் ஒழுக்கம்.

செருப்புப் பெட்டிக் கதையை அக்காவிடம் சொன்னேன். அடுத்த குறுவள மையக் கூட்டத்தில், தேநீர் இடைவேளையில், பெண் ஆசிரியர்கள் மட்டும் பெயர் போடாமல் ஆளுக்கொரு சீட்டு எழுதலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பயிற்சி ஒன்றில் அவர் வாய் திறந்தது அன்றுதான். பதினோரு சீட்டுகள் வந்தன. சிலவற்றைப் போனில் எனக்குப் படித்துக் காட்டினார்.

“என் வகுப்பில் ஒடியாவும் இந்தியும் பேசும் மில் தொழிலாளர் குழந்தைகள் ஒன்பது பேர். நான் கேட்பது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் கேட்பது எனக்குப் புரியவில்லை. எந்த மொழியில் வினவச் சொல்வது?”

“தீட்டு நாளில் நாள் முழுதும் தரையில் உட்கார வேண்டியிருக்கிறது. கழிப்பறையில் தண்ணீர் இல்லை. இதை யாரிடம் கேட்பது?”

“இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, சாயங்காலம் வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்கிறாள். அதற்கு மேல் அவளிடம் எப்படிக் கேட்பது?”

மூன்றாவது சீட்டை மட்டும் அன்றைக்கே எல்லோருமாக உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐ ஒரு டீச்சர் கரும்பலகையில் எழுதியிருக்கிறார். எழுதியவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. மூடிய அறையில் அந்தப் பிள்ளையிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்று வயதில் மூத்த ஒருவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். தேநீர் இடைவேளை முக்கால் மணி நேரம் நீண்டிருக்கிறது. “அன்னைக்குத்தான் கண்ணு நெசமாலுமே பயிற்சிக்குப் போனமாதிரி இருந்துச்சு” என்றார் அக்கா.

ஆறு வகையில் நாம் அதிகம் பேசாத ஒன்று கொடை வினா. சாத்தனுக்குச் சட்டை இல்லையோ என்று கேட்பதுபோல, கொடுக்கும் எண்ணத்தோடு கேட்பது. செயலியும் திரையும் கைக்கணினியும் வரட்டும். அவற்றைக் கொண்டுவருகிறவர்கள் பயிற்சியின் முதல் மணி நேரத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் இந்த ஆறில் இதைக் கேட்க வேண்டும்: “டீச்சர், உங்ககிட்ட என்ன இல்லைங்க?” அக்காவின் முப்பது வருட வேலையில் ஒருவரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.